சுபத்ராவின் வீடு

திருவிழாவில் படம் ஓட்டுகிறவனுக்கு ரூம் கிடையாது. தியேட்டர் ஆபரேட்டர் நான்கு சுவருக்குள் நின்று கண்ணாடித் துவாரம் வழியாகத் திரையைப் பார்ப்பான். 16 எம்.எம். மிஷின்காரனுக்குக் கோயில் திடலின் நடுவில் ஒரு மேஜைதான். சுற்றிலும் ஜனம். யார் வீட்டுக் குழந்தையோ அவன் முழங்காலில் தலைவைத்துத் தூங்கும். வெற்றிலை இடிக்கிற சத்தம், பீடிப் புகை, 'ஏம்பா, எப்ப சண்டை வரும்' என்கிற கேள்வி, எல்லாம் காதருகில். கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கல்வராயன் மலையிலும் பல ஆண்டுகள் அப்படி மேஜை போட்டு உட்கார்ந்தேன். பிறகு தியேட்டர் ரூமுக்குப் போனேன். இரண்டு இடத்திலும் நான் ஓட்டிய படங்களில் மனதில் தங்கியவை பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளின் காதல் கதைகள்தான். போஸ்டரில் ஜோடியின் முகம்தான் இருக்கும். திடலில் உட்கார்ந்திருந்த பெண்களும் பெரியவர்களும் அந்த ஜோடியின் வீட்டைத்தான் பார்த்தார்கள். இதை நான் திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஜனங்களுக்கு நடுவில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்போது நாங்கள் தென்னாற்காடு மாவட்டம். 1993-இல் விழுப்புரம், 2019-இல் கள்ளக்குறிச்சி என்று மாவட்டம் மாறியது. சினிமாக் கணக்கில் நாங்கள் என்.எஸ்.சி. ஏரியா: வடாற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டு. சென்னை மவுண்ட் ரோடு பக்கம் மீரான் சாகிப் தெருவில் விநியோகஸ்தர் ஆபீசுகள் வரிசையாக இருக்கும். அங்கே வாடகை பேசிப் பெட்டியைத் தூக்கி பஸ்ஸின் மேலே போட்டால் விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வழியாக ஊர் வந்து சேரும். 16 எம்.எம். பெட்டி சிறியது. விநாடிக்கு 24 கட்டம், அடிக்கு 40 கட்டம், நிமிடத்துக்கு 36 அடி ஓடும். முழுப் படமும் நாலைந்து பெரிய ரீலில் அடங்கிவிடும். மிஷின் ஒன்றுதான் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. முறுக்குக்காரருக்கும் டீக்காரருக்கும் அதுதான் வியாபார நேரம்.

வெள்ளைத் துணியை இரண்டு சவுக்குக் கம்பத்தில் இழுத்துக் கட்டினால் திரை. முன்னால் இடம் போதாமல் பாதிக் கூட்டம் திரைக்குப் பின்னால் உட்காரும். அவர்களுக்குக் கதாநாயகன் இடது கையால் அடிப்பான், எழுத்தெல்லாம் இடம் வலம் மாறித் திரும்பியிருக்கும். வயசுப் பெண்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். அங்கே வெளிச்சம் குறைவு. யார் அழுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

பழைய பிரிண்டில் இன்னொரு சங்கதி உண்டு. பிலிம் தேய்வதும் கிழிவதும் அநேகமாக ரீலின் தலையிலும் வாலிலும்தான். மாட்டும்போதும் கழற்றும்போதும் கைபடும் இடம் அது. ஐம்பது ஊர் சுற்றிவிட்டு வரும் பிரிண்டில் ஒவ்வொரு ரீலின் முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போயிருக்கும். போகிற வழியில் சில பேர் தங்களுக்குப் பிடித்த நடிகையின் துண்டை வெட்டி எடுத்துக்கொள்வார்கள். பையன்கள் அதை லென்ஸ் பெட்டியில் வைத்து, கண்ணாடியில் வெயிலைத் திருப்பிச் சுவரில் அடித்துப் பார்ப்பார்கள். அறுந்த இடத்தைச் சுரண்டி, சிமென்ட் தடவி ஒட்டுவது எங்கள் வேலை. 16 எம்.எம்.மில் ஒலி, படத்துக்கு 26 கட்டம் முன்னால் பதிவாகியிருக்கும். அதனால் ஒட்டு வரும்போது முகம் முதலில் குதிக்கும், ஒரு விநாடி கழித்துத்தான் பேச்சு குதிக்கும். அந்த ஒரு விநாடியில் உதடு ஒன்று சொல்லும், குரல் வேறொன்று சொல்லும். சண்டைப் படத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். காதல் படத்தில் அது கத்தி. ஒருத்தி வாய் திறந்து சொல்லப் போகிற இடத்தில் பத்துக் கட்டம் போனாலும் படம் செத்துவிடும். ஆகவே இந்த மாதிரிப் படம் வந்தால் மதியமே பெட்டியைத் திறந்து, கடைசி ரீலை விரலிடுக்கில் ஓடவிட்டு, ஒட்டுகளைத் தடவிப் பார்த்து வைப்பேன்.

'ஒருதலை ராகம்' எங்கள் பக்கம் 16 எம்.எம்.மில் வந்தபோது நான் இளைஞன். 1980-இல் வெளியான படம். இ.எம்.இப்ராகிம் தயாரித்தது. கதை, பாட்டு, இசை டி.ராஜேந்தர். மாயவரம் பக்கத்துக் கல்லூரியும் ரயிலும்தான் களம். புதுமுகங்கள், பெரிய நடிகர் ஒருவர்கூட இல்லை. மெதுவாக ஏறி, பிறகு தமிழ்நாடு முழுக்க ஓடிய படம். ராஜா, சுபத்ரா என்று இரண்டு மாணவர்கள். அவன் அவளை விரும்புகிறான். அவளும் விரும்புகிறாள், ஆனால் வாயைத் திறப்பதில்லை. கடைசி நாளில் ரயிலில் அவன் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டுகிறாள். அவன் அதற்குள் இறந்துபோயிருக்கிறான்.

சங்கராபுரம் பக்கத்து ஊரொன்றில் விழாக் கமிட்டியார் இந்தப் படம் வேண்டாமென்றார்கள். காப்புக் கட்டியிருக்கிற ஊரில் கடைசியில் ஆள் சாகிற படம் போடலாமா என்று கேட்டார் ஒருவர். நியாயமான கேள்விதான். அங்கே கூத்து வாத்தியார் ஒருவர் இருந்தார். அவர் சொன்னார்: "கூவாகத்துல அரவானுக்கு ராத்திரி தாலி கட்டி, விடிஞ்சா அறுக்கறோம். நம்ம ஊருலயே பத்து ராத்திரி பாரதம் நடத்தி, அபிமன்னன் சாவுறதுக்கு ஊரே அழுவுது. சாமிக்கு அது ஆவாதா? படத்தப் போடு தம்பி." அதோடு பேச்சு முடிந்தது. கூவாகம் எங்களுக்குப் பக்கம், உளுந்தூர்பேட்டை வட்டம். சித்திரையில் கூத்தாண்டவர் திருவிழாவில், ஓர் இரவு மணமகளாக இருந்த திருநங்கைகள் மறுநாள் காலை வளையலை உடைத்து ஒப்பாரி வைப்பதைப் பார்த்து வளர்ந்த ஜனங்கள் நாங்கள். காதலும் சாவும் ஒரே இரவில் வருவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. விடிய விடிய உட்கார்ந்து துக்கத்தை முழுசாகப் பார்த்துவிட்டு எழுந்து போகிற பழக்கம் கூத்து கொடுத்தது. சினிமா வந்து உட்கார்ந்தது கூத்துக்காரன் விட்டுப்போன அதே இடத்தில்தான்.

அந்த இரவு நான் கவனித்தது சுபத்ராவைப் பற்றிய பேச்சை. ஆண்கள் பக்கம், "இவ்ளோ அழுத்தக்காரியா ஒருத்தி இருப்பாளா" என்று கோபம். பெண்கள் பக்கம் கோபமே இல்லை. அவர்கள் அவளுடைய அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர்ப்பேச்சால் நொந்துபோன தாய், அவள் வளர்த்த மகள். அந்த வீட்டில் சத்தமாகச் சிரித்தால்கூட அண்டை வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். "அந்தப் புள்ள வாயத் தொறந்தா அந்தம்மா உசுரு போயிடும்" என்று மிஷின் மேஜைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, யாருக்கும் இல்லாமல், தனக்குத்தானே சொன்னார். அந்தப் படத்தின் பாட்டுகள் எல்லாமே ஆண் குரல்கள்தான். ஒரு பெண் குரல்கூடக் கிடையாது. ராஜா பாடித் தீர்க்கிறான், நண்பர்கள் பாடித் தீர்க்கிறார்கள். பாட வாயில்லாதவள் அவள் மட்டும்தான். எத்தனையோ ஊரில் ஓட்டிய பிறகே இது எனக்கு உறைத்தது. திரைக்குப் பின்னால் உட்கார்ந்த பெண்களுக்கு முதல் ராத்திரியே உறைத்திருக்கும்.

ரயில் காட்சியில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. மற்ற மிஷின்காரர்கள் எல்லாரும் படம் முடிகிற சமயத்தில் வால்யூமைக் குறைத்து, குழல் விளக்கைப் போடத் தயாராவார்கள். கூட்டம் கலைவதற்குள் மிஷினைக் கட்ட வேண்டுமே. நான் போட மாட்டேன். கடைசி அடி பிலிம் கேட்டைத் தாண்டி, வெள்ளை வெளிச்சம் திரையில் அடிக்கிற வரைக்கும் ஓடவிடுவேன். சில விழாக்காரர்கள் திட்டுவார்கள், ஜெனரேட்டருக்கு டீசல் அவர்கள் காசு. ஆனாலும் செய்தேன். அழுகிற ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொள்ள இருட்டு வேண்டும். அதைக் கொடுப்பது ஆபரேட்டரின் வேலை என்று இன்றும் நினைக்கிறேன்.

மலைக்குப் போனது தனிக் கதை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைச் சுற்றி ஏறினால் கரியாலூர், அதற்கு மேல் வெள்ளிமலை. ஜீப்பில் மிஷின், ஸ்பீக்கர், ஜெனரேட்டர், பெட்டி, எல்லாவற்றுக்கும் மேல் நான். கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. அதற்குப் பிறகுதான் அரசாங்கத்தின் கை நேராக அங்கே போனது. நான் போன காலத்தில் பல சிற்றூர்களில் கரண்டு இல்லை. சாமை, மரவள்ளி, புளி, கடுக்காய், தேன் என்று வாழ்கிற மலையாளிப் பழங்குடி ஜனம். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்வார்கள். பலர் ரயிலையே பார்த்ததில்லை. கள்ளக்குறிச்சிக்கே ரயில் இல்லாத காலம், ரயில் பார்க்கச் சின்னசேலம் போக வேண்டும். ஜெனரேட்டர் மூச்சு வாங்கினால் குரல் இழுக்கும். குளிர் இறங்கியதும் கூட்டம் கம்பளிக்குள் நெருங்கி, மிஷின் விளக்குச் சூட்டுக்காக என் மேஜையை ஒட்டி உட்காரும்.

அங்கே 'அலைகள் ஓய்வதில்லை' ஓட்டினேன். 1981-இல் பாரதிராஜா எடுத்தது. கார்த்திக்கும் ராதாவும் அறிமுகமான படம். முட்டம் கடற்கரை, பிராமணப் பையன், கிறிஸ்தவப் பெண். கடைசியில் அவன் பூணூலையும் அவள் சிலுவையையும் கழற்றி எறிந்துவிட்டுப் போவார்கள். சமவெளியில் அந்த இடத்தில் விசில் பறக்கும். மலையில் விசில் இல்லை. படம் முடிந்து பிலிமைத் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து பக்கத்தில் குந்தினார்.

"ஏன் தம்பி, அதுங்க ரெண்டும் எதுக்கு ஓடுதுங்க?"

"வீட்டுல ஒத்துக்கலீங்களே ஐயா."

"தண்டம் கட்டிட்டா சேத்துக்க வேண்டியதுதான? இங்க இட்டுக்கினு போனா, பையன் வூட்டுக்காரங்க பரியம் கொடுத்து, பஞ்சாயத்துல தண்டம் கட்டி, ஊருக்குச் சோறு போட்டா முடிஞ்சுபோவும். அந்த ஊருல பஞ்சாயத்தே இல்லியா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு சினிமா முழுக்க எழுப்பிய மலையளவு பிரச்சினையை ஒரு வேளைச் சோற்றில் தீர்த்துவைத்தார் அவர். மலையில் எல்லாமே எளிது என்று அன்றைக்குத் தூங்கப் போனேன். விடியற்காலையில் கூழ் கொடுத்தபோது அவரே தொடர்ந்தார். மாமன் மச்சான் முறையில் வந்தால்தான் தண்டம், சோறு எல்லாம். பங்காளி முறையில் ஒரு பிள்ளைக்கும் பெண்ணுக்கும் மனசு போய்விட்டால் அதற்குத் தண்டம் கிடையாது, தம்பி தங்கச்சி ஆயிற்றே. அவருடைய சொந்தத்தில் அப்படி ஒன்று நடந்து, அந்தப் பிள்ளைகள் மலையை விட்டே போய்விட்டார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியாது. "அவங்க ஆத்தா இன்னிக்கும் கச்சிராயபாளையம் சந்தைக்குப் போனா, பஸ்ஸுல எறங்கற மூஞ்செல்லாம் பாத்துக்கினே நிக்கும்" என்றார். முந்தைய இரவு அந்த ஆத்தாளும் படம் பார்த்தாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அதே 1981-இல் வந்த 'பன்னீர் புஷ்பங்கள்' ஊட்டிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கதை. அதையும் ஓட்டியிருக்கிறேன். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஹாஸ்டலும் ஸ்வெட்டரும் ஒட்டவில்லை, இளையராஜா பாட்டுக்காக உட்கார்ந்தார்கள். பாலசந்தரின் 'மரோசரித்ரா' சென்னை சஃபையர் தியேட்டரில் தெலுங்கிலேயே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது என்று மீரான் சாகிப் தெருவில் பேசுவார்கள். காதலர் இருவரும் இறக்கிற அந்தப் படம் எங்கள் திடலுக்கு வரவே இல்லை. அதற்குள் டி.வி.யும் வீடியோ டெக்கும் வந்து, ஒரு ராத்திரிக்கு மூன்று படம் என்று வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். 16 எம்.எம். மிஷினைத் துணி சுற்றி வைத்துவிட்டு, தியேட்டருக்கு உதவி ஆபரேட்டராகப் போய்ச் சேர்ந்தேன். கார்பன் குச்சிகளைக் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்து இடைவெளி சரிசெய்யும் வேலை. பிறகு செனான் விளக்கு வந்தது.

2004 டிசம்பரில் 'காதல்' வந்தது. பாலாஜி சக்திவேல் இயக்கம், ஷங்கர் தயாரிப்பு. மதுரையில் ஸ்கூட்டர் மெக்கானிக் முருகன், வசதியான வீட்டுப் பள்ளி மாணவி ஐஸ்வர்யா. ரயிலில் கூட வந்த ஒருவர் சொன்ன உண்மைக் கதையிலிருந்து எடுத்ததாக இயக்குநர் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் சென்னைக்கு ஓடி, மேன்ஷன் பையன்கள் முன்னின்று கல்யாணம் செய்துவைக்கிறார்கள். வீட்டார் தேடி வந்து, பேசி அழைத்துப்போய், தாலியை அறுத்து, பையனை அடித்து நொறுக்குகிறார்கள். பிறகு வேறொருவனுக்கு மனைவியாகிக் கையில் குழந்தையோடு வரும் அவள், திண்டுக்கல் சிக்னலில் சித்தம் கலங்கித் திரியும் முருகனைப் பார்க்கிறாள்.

எங்கள் ஊரில் இது வெறும் கதையாக இல்லை. ஒன்றரை வருடம் முன்னால், 2003 ஜூலையில், எங்களுக்குத் தென்கிழக்கே விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் முருகேசன், கண்ணகி என்ற இளம் தம்பதிக்கு விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். முருகேசன் பொறியியல் படித்த தலித் இளைஞர், கண்ணகி வன்னியர் வீட்டுப் பெண். பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். 18 ஆண்டுகள் கழித்து, 2021 செப்டம்பரில், கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. தண்டனை பெற்றவர்களில் கண்ணகியின் அப்பாவும் அண்ணனும் உண்டு. படம் ஓடிய அந்த மார்கழியில் தீர்ப்பு எங்கோ தூரத்தில் இருந்தது. ஆனால் நடந்தது என்ன என்று தியேட்டருக்குள் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். தாலி அறுக்கும் காட்சியில் மற்றப் படங்களுக்கு எழும் உச்சுக்கொட்டல்கூட எழவில்லை. நான் துவாரம் வழியாகத் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கீழே தலைகளைப் பார்த்தேன். பெண்ணோடு வந்திருந்த அப்பாக்கள் நேராகத் திரையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார்கள். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று நான் ஊகிக்கப் போவதில்லை.

மேட்னி விட்டு ஒருவர் மாடிப்படி ஏறி ரூமுக்கு வந்தார். வெல்ல ஆலை வைத்திருக்கிறவர், முகம் பழக்கம். படத்தில் ஏதாவது வெட்டியிருக்கிறீர்களா என்று கேட்டார். புதுப் பிரிண்ட், ஓர் அடிகூடப் போகவில்லை என்றேன். "அப்ப அந்தப் பொண்ணோட அப்பன் கடைசில எங்க போனான்? அந்தப் பையன இந்தக் கதிக்கு ஆளாக்குனவன். சிக்னல்ல புருசங்காரன் வந்து பாக்குறான். அப்பன் பாக்க வேணாமா?" என்றார். கோபமாகத்தான் கேட்டார். 'காதல்' நான் ஓட்டிய படங்களிலேயே நேர்மையான ஒன்று. ஆனால் அவர் கேட்டதும் நியாயம். அடித்தவர்களின் வீடு அதற்கு மறுநாள் காலை எப்படி எழுந்தது, யார் அடுப்பு மூட்டினார்கள், அந்த அம்மா கணவனிடம் என்ன பேசினாள் என்பதைப் படம் காட்டவில்லை. பெரும்பாலான படங்கள் காட்டுவதில்லை. பிள்ளைகளின் துக்கம் ரயில் வரைக்கும் சிக்னல் வரைக்கும் தொடர்ந்து வருகிறது. பெற்றவர்கள் தங்கள் கையாலேயே இழந்ததற்கு ஒரு ரீல்கூட ஒதுக்குவதில்லை. 'ஒருதலை ராகம்' அம்மாவைக் கொஞ்சமாவது காட்டியதால்தான் எங்கள் பக்கத்துப் பெண்கள் அதை ஊர் ஊராகத் திரும்பக் கேட்டார்கள் என்பது என் தீர்மானம்.

கியூப் என்கிற டிஜிட்டல் முறை வந்ததும் பெட்டி வருவது நின்றது. படம் வான்வழியாகவும் டிஸ்கிலும் வருகிறது. தேய்வதில்லை, குதிப்பதில்லை. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நல்ல ஒலியும் நல்ல வெளிச்சமும் ஜனங்களுக்குக் கிடைப்பது நல்லதே. எழுத்து ஓட ஆரம்பித்தவுடன் கதவைத் திறந்து விளக்கைப் போடுகிறார்களே, அது மட்டும் பொறுக்கவில்லை.

இப்போது மலையிலிருந்து ஒரு பையன் என்னைத் தேடி வருகிறான். கல்லூரி முடித்தவன். செல்போனிலேயே குறும்படம் எடுக்கிறான். அவன் எழுதிக்கொண்டு வந்த கதையில் வெள்ளிமலைப் பள்ளியில் பதினொன்றாவது படிக்கும் ஒரு பையனும் பெண்ணும். பங்காளி முறை. கடைசியில் பெண் விஷம் குடிக்கிறாள். அந்தக் காட்சி வேண்டாம் தம்பி என்றேன். படிக்கிற பிள்ளைகள் அதைப் பார்ப்பார்கள், நம் பக்கத்தில் அரளியும் பூச்சிமருந்தும் எல்லார் வீட்டிலும் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறது என்றேன். சாகாவிட்டால் யாருக்கும் அழுகை வராது தாத்தா என்று வாதாடினான். சுபத்ராவின் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். வெல்ல ஆலைக்காரர் கேட்ட கேள்வியைச் சொன்னேன். சந்தையில் பஸ்ஸைப் பார்த்து நிற்கிற ஆத்தாளைப் பற்றியும் சொன்னேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து மாற்றி எழுதிக்கொண்டு வந்தான். பெண்ணின் படிப்பை நிறுத்தி, திருப்பூர் கம்பெனிக்கு ராத்திரியோடு ராத்திரியாக அனுப்பிவிடுகிறார்கள். மலையில் அது வழக்கமாக நடக்கிறதுதான். மறுநாள் பையன் விஷயம் தெரியாமல் அவள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். அப்பன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். ஒன்றும் சொல்வதில்லை, எழுந்து போவதுமில்லை. அம்மா மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஒரே வசனம்: "ஒக்காரு, வெந்துரும்." அதற்குப் பிறகு கிழங்கு வேகிற நேரம் முழுக்க மூன்று பேரும் அப்படியே. வெட்டில்லாமல் ஒரே ஷாட்டாக எடுக்கப் போகிறேன், எத்தனை நிமிடம் தாங்கும் என்று கேட்டான். நாலு நிமிடம் தாங்கும், அப்பன் முகத்தில் வெயில் இருந்தால் ஐந்து என்றேன்.

அப்பனாக நடிக்க ஆள் கிடைத்துவிட்டது, அவனுடைய சொந்த மாமன். வீடுதான் இன்னும் அமையவில்லை. திண்ணை கிழக்கே பார்த்திருக்க வேண்டும், காலை எட்டு மணி வெயில் உள்ளே அடுப்பு வரைக்கும் விழ வேண்டும், ஓட்டு வீடாக இருக்க வேண்டும் என்கிறான். கரியாலூரில் அப்படி ஒன்று இருப்பதாக ஞாபகம். வருகிற ஞாயிறு முதல் பஸ்ஸில் இருவரும் பார்க்கப் போகிறோம்.